இரவில் பட்டுக் கையுறை அணிந்து உறங்கினால் கைகள் மென்மையாகுமா?

நாற்பத்தாறு வயதாகிறது, கைகள் வறண்டு சொரசொரப்பாகிவிட்டன, புறங்கையில் சுருக்கங்களும் பழுப்புப் புள்ளிகளும் தெரியத் தொடங்கிவிட்டன, இரவு முழுவதும் பட்டுக் கையுறை அணிந்து தூங்கினால் கைகள் இளமையாகும் என்று தோழி ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரவில் கையை மூடி வைப்பதால் சருமத்துக்கு நன்மை உண்டா என்பது முதலாவது. மூடும் துணி பட்டாகத்தான் இருக்க வேண்டுமா என்பது இரண்டாவது. வறட்சி, சுருக்கம், புள்ளி ஆகிய மூன்றும் ஒரே வைத்தியத்துக்குக் கட்டுப்படுமா என்பது, நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும், மூன்றாவது. தோல் மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைகளைப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நல்ல கிரீமோ களிம்போ தடவி அதன்மேல் துணிக் கையுறை அணிந்து உறங்கினால் வறட்சியும் சொரசொரப்பும் குறையும். இதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கையுறை பட்டாக இருப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறியது, சிலருக்கு மட்டுமே பொருந்துவது. சுருக்கத்துக்கும் புள்ளிகளுக்கும் எந்தத் துணியாலான கையுறையும் இரவில் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை.

கை ஏன் முகத்தைவிடவும் தோளைவிடவும் சீக்கிரம் வறண்டுபோகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உயிரற்ற செல்கள் செங்கற்கள். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை அவற்றுக்கு இடையே பூசப்பட்ட சாந்து. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறாமல் தடுப்பது இந்தச் சாந்துதான். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் அறவே கிடையாது. வியர்வைச் சுரப்பிகள்தாம் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளங்கைத் தோல் அவ்வளவு தடிமனாக இருந்தும் நீரைப் பிடித்து வைப்பதில் உடலின் பல இடங்களைவிடப் பின்தங்கியிருக்கிறது. புறங்கையின் நிலைமை வேறு: அங்கே தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் குறைவு, வெயில் நேராகப் படும் இடமும் அதுதான். இத்தகைய ஒரு பகுதியைத்தான் நாம் நாளொன்றுக்குப் பத்து, இருபது முறை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுகிறோம். தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத்தன்மை கொண்டது. வழக்கமான கட்டிச் சோப்பு காரத்தன்மை கொண்டது, அதன் அமில-கார அளவான பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். ஒவ்வொரு கழுவலும் அழுக்கோடு சேர்த்துச் சாந்திலும் கொஞ்சம் எடுத்துச் செல்கிறது. பகலில் அது ஈடுசெய்யப்படுவதற்குள் அடுத்த கழுவல் வந்துவிடும்.

இரவு உறக்கத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. தொடர்ந்து ஆறு, ஏழு மணி நேரம் கை தண்ணீரில் படாமல் இருக்கும் ஒரே பொழுது அதுதான். தோல் வழியாக நீர் வெளியேறுவது காலையைவிட மாலையிலும் இரவிலும் கூடுதலாக இருக்கும் என்பது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. தோல் நோயுள்ளவர்களுக்கு இரவில் அரிப்பு கூடுவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே அந்த நேரத்தில் மேலே ஒரு தடுப்பைப் பூசி வைப்பது பொருத்தமான காரியம். இப்படிப் பூசும் பொருள்களில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு இணையாக இன்னும் எதுவும் வரவில்லை என்பது என் கருத்து. ராபர்ட் செஸ்பரோ என்பவர் 1872-இல் அமெரிக்காவில் வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் எண்ணெய் இறைக்கும் கருவிகளில் படியும் மெழுகைத் தங்கள் காயங்களில் தடவிக்கொள்வதைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. மலிவான பொருள் என்பதாலேயே பலர் அதை மதிப்பதில்லை.

ஆனால் களிம்பைக் கையில் தடவிக்கொண்டு படுத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அரை மணி நேரத்தில் பாதி தலையணைக்கும் போர்வைக்கும் போய்விடும். பிசுபிசுப்பு தாங்காமல் மீதியை நாமே துடைத்துவிடுவோம். கையுறை செய்யும் முதன்மையான வேலை, தடவியதைத் தடவிய இடத்திலேயே இருத்தி வைப்பது. கூடவே கைக்குச் சற்று வெதுவெதுப்பும் ஈரப்பதமும் சேர்வதால் மேலடுக்கு ஊறி இளகுகிறது. உறக்கத்தில் நம்மை அறியாமல் சொறிந்துகொள்வதையும் அது தடுக்கிறது. இவை மூன்றுக்கும் கிரீம் அடியில் இருந்தாக வேண்டும். கிரீம் இல்லாமல் வெறும் கையுறையை மட்டும் அணிந்து படுப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது, ஏனெனில் துணி காற்றையும் நீராவியையும் தன் வழியே விட்டுவிடும். பட்டுக் கையுறை விற்பவர்கள் பெரும்பாலும் அழுத்திச் சொல்லாத செய்தி இது.

இனி பட்டுக்கு வருகிறேன். பட்டு இழை ஃபைப்ரோயின் என்ற புரதத்தால் ஆனது. அதைச் சுற்றி செரிசின் என்ற பசைப் புரதம் இருக்கும், நூலைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். பட்டிலுள்ள அமினோ அமிலங்கள் இரவில் தோலுக்குள் இறங்கி அதற்கு ஊட்டம் தருகின்றன என்று விளம்பரங்களில் காண்கிறோம். இது நடக்கக்கூடியதன்று. முழுமையான தோலின் வழியே உள்ளே நுழைய ஒரு மூலக்கூறின் எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட ஒரு கணக்கு; ஃபைப்ரோயினின் பெரிய சங்கிலி ஒன்றே 3,50,000 டால்டனைத் தாண்டும். மேலும் அது இழையில் இறுகப் பிணைந்து கிடக்கிறது. கையின் வெப்பத்துக்குக் கரைந்து வரும் பொருள் அன்று. பட்டு நூலிலிருந்து கைக்கு ஊட்டம் இறங்கும் என்பதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

அடுத்த வாதம் சற்று நியாயமானது: பருத்தி கிரீமை உறிஞ்சிவிடும், பட்டு உறிஞ்சாது என்கிறார்கள். இதில் உண்மையும் பிழையும் கலந்திருக்கின்றன. ஈரப்பதத்தை ஏற்கும் திறனைப் பொறுத்தவரை, நெசவுத் துறையில் வழங்கும் அளவுகளின்படி பட்டு தன் உலர் எடையில் சுமார் 11 விழுக்காட்டு ஈரத்தை இயல்பாகவே ஏற்கும். பருத்தி ஏற்பது சுமார் 8.5 விழுக்காடுதான், பாலியஸ்டரோ 0.4 விழுக்காடு. எனவே பட்டு ஈரத்தை உறிஞ்சாது என்பது பிழை. அதே நேரத்தில், பட்டு நீளமான, வழுவழுப்பான தொடர் இழை. பருத்தி நூலோ குட்டையான இழைகளை முறுக்கிச் செய்தது, அதன் மேற்பரப்பில் நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும், அவற்றின் இடுக்குகளில் களிம்பு போய்த் தங்கும். ஆகையால் அடர்த்தியாக நெய்த மெல்லிய பட்டு, தடித்த பின்னல் பருத்தியைவிடக் குறைவான களிம்பை வாங்கிக்கொள்ளும் என்பது ஏற்கத்தக்கதே. இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய நான் சொல்லும் வழி எளியது: பருத்திக் கையுறை என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தடவிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இரவுகளில் துணியே களிம்பில் ஊறிவிடும், பிறகு அது மேற்கொண்டு உறிஞ்சுவது குறைந்துவிடும்.

பட்டு தோலுக்கு மருந்துபோல் வேலை செய்யும் என்ற நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. பிரிட்டனில் 1 முதல் 15 வயது வரையிலான, மிதமானது முதல் கடுமையானது வரை கரப்பான் (எக்ஸிமா) நோயுள்ள 300 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையும் மற்றக் குழுவுக்கு அதனுடன் மருத்துவப் பட்டு ஆடைகளும் கொடுத்து ஆறு மாதங்கள் கவனித்தார்கள். நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் குழந்தைகள், அது ஆடை, கரப்பான் ஒரு நோய். வறண்ட கைகளைக் கொண்ட நடுத்தர வயதுப் பெண்ணின் கையுறைக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும், பட்டுக்கென்று தனியாக ஒரு குணப்படுத்தும் ஆற்றல் இருந்திருந்தால் அங்கே அது கொஞ்சமேனும் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் பட்டை யாருக்குப் பரிந்துரைப்பேன்? விரல் நுனிகளில் வெடிப்புள்ளவர்களுக்கு. ஒரு முறை ஒரு பெண்மணியின் கட்டைவிரலைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, வெடிப்பின் விளிம்பில் காய்ந்து தூக்கி நின்ற தோலில் வெள்ளைப் பருத்தி நார் ஒன்று சிக்கியிருந்தது. ஒவ்வொரு காலையிலும் கையுறையைக் கழற்றும்போது சுரீரென்று வலிக்கிறது என்று அவர் சொன்னதற்குக் காரணம் அதுதான். அவருக்கு வழுவழுப்பான துணி உண்மையிலேயே பொருந்தியது. பருத்தியின் புழுக்கம் தாங்காமல் நள்ளிரவில் கழற்றி எறிந்துவிடுபவர்களுக்கும் மெல்லிய பட்டு நல்லது. கையில் தங்காத கையுறையால் பயனில்லையே. மற்றவர்களுக்கு வெளிர்நிறப் பருத்தியே போதும். பட்டுதான் வாங்குவது என்று முடிவு செய்தால், சாட்டின் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாட்டின் என்பது நெசவு வகையின் பெயர், பெரும்பாலும் அது பாலியஸ்டராகவே இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

கையை மூடித் தூங்கும் வழக்கம் புதிதன்று. 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பாவில் வசதியான பெண்கள் கைகள் வெளுத்து மென்மையாக வேண்டும் என்று மெல்லிய தோல் கையுறைகளை இரவில் அணிந்தார்கள்; அவற்றில் மிக மெல்லியவை ஒரு வால்நட் ஓட்டுக்குள் மடித்து வைக்கும் அளவுக்கு இருந்தன. பதனிட்ட தோல் காற்றைத் துணியைவிட அதிகம் தடுக்கும் என்பதால் அவர்களுக்கு ஓரளவு பலன் கிடைத்திருக்கவும் கூடும்.

சுருக்கங்களையும் புள்ளிகளையும் பற்றிச் சொல்லும்போது நான் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. நீர்ச்சத்து குறைந்ததால் தெரியும் மெல்லிய கோடுகள் கிரீமும் கையுறையும் போட்ட மறுநாள் காலையில் மறைந்திருக்கும். கையுறையின் அதிசயமாகப் பலர் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். மாலைக்குள் அவை திரும்பிவிடும். ஆழமான சுருக்கங்கள், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் குறைவதால் வருபவை. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் சுமார் 30 விழுக்காடு வரை இழக்கப்படலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதன்மேல் வெயிலின் பங்கும் சேர்கிறது. பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் பல்லாண்டு வெயிலின் கணக்கு. புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை சன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வரும் என்பதால் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் இருப்பவர்களும் தப்புவதில்லை. முகத்துக்குச் சன்ஸ்கிரீன் தடவும் பெண்களில் பெரும்பாலோர் புறங்கையை மறந்துவிடுகிறார்கள். தடவினாலும் முதல் கைகழுவலில் அது போய்விடுகிறது. உங்களுடைய பணத்தில் ஒரு பகுதியைக் கைக்காகச் செலவிட வேண்டுமென்றால், காலையில் புறங்கைக்குச் சன்ஸ்கிரீன், அதுவும் கழுவும்போதெல்லாம் மறுபடியும், என்பதில்தான் போடச் சொல்வேன். ஏற்கெனவே வந்துவிட்ட மாற்றங்களுக்கு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு கிரீம்களும் லேசர் சிகிச்சையும் இருக்கின்றன. அவற்றைத் தோல் மருத்துவர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். படுக்கும் முன் மோதிரங்களைக் கழற்றிவிட்டு வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் தடவுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: குழாயிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனிமூட்டு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும், அது ஒரு கையின் இரு பக்கங்களுக்கும் போதும். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கிளிசரின் கலந்த கெட்டியான கிரீமை முதலில் தடவி, அதன்மேல் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி பூசுவது நான் பெரும்பாலோர்க்குச் சொல்லும் முறை. உள்ளங்கை தடித்து இறுகிப்போனவர்களுக்கு 10 விழுக்காடு வரை யூரியா உள்ள கிரீம் மிகவும் உதவும், ஆனால் வெடிப்பு இருந்தால் எரியும்; வெடிப்பு மூடும் வரை வெறும் ஜெல்லியே போதும். வாசனை சேர்த்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் ஒவ்வாமைக்கு நறுமணப் பொருள்கள் முக்கியமான காரணம். ஐந்து நிமிடம் பொறுத்துக் கையுறையை அணியுங்கள். அது தளர்வாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் எலாஸ்டிக் தடம் பதிந்தாலோ, இரவில் விரல்கள் மரத்துப்போனாலோ அந்தக் கையுறை உங்களுக்கு ஆகாது.

எச்சரிக்கைகளில் முதலாவது மருந்துக் கிரீம்களைப் பற்றியது. ஸ்டீராய்டு கிரீமைத் தடவி மேலே மூடினால் அது தோலுக்குள் இறங்குவது பல மடங்கு கூடும். நாங்களே சில நோய்களுக்கு வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு, ஆனால் எத்தனை நாளைக்கு என்று எண்ணிச் செய்வோம். கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு கிரீமை மாதக்கணக்கில் மூடிப் போட்டால் தோல் காகிதம்போல் மெலிந்துவிடும். ரெட்டினாய்டு, சாலிசிலிக் அமிலம், நிறத்தை வெளுக்கும் கிரீம்கள் ஆகியவற்றுக்கும் மருத்துவர் சொல்லாமல் கையுறை வேண்டாம்.

இரண்டாவது எச்சரிக்கையை ஒரு நோயாளியின் கை வழியாகவே சொல்கிறேன். வலது உள்ளங்கை மட்டும் மாவு படிந்ததுபோல் வறண்டிருக்கிறது என்று சொல்லி, மூன்று மாதம் இரவு தவறாமல் கிரீமும் கையுறையும் போட்ட ஒருவர் வந்தார். இடது கை சுத்தமாக இருந்தது. ரேகைகளின் உள்ளே வெண்மையாகச் செதில் தெரிந்தது. காலைப் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு பாதங்களிலும் அதே செதில். கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சையின் இழைகள் கிளை கிளையாகத் தெரிந்தன. ஒரு கை, இரு பாதம் என்பது படர்தாமரை வகைப் பூஞ்சை அடிக்கடி காட்டும் அமைப்பு. வறட்சி என்று எண்ணி அவர் செய்துவந்தது அதற்கு வெதுவெதுப்பையும் ஈரத்தையும் ஊட்டியதுதான். ஆகவே ஒரு கை மட்டும் வறண்டிருந்தாலோ, சிறு நீர்க்கொப்புளங்கள் வந்தாலோ, நகச்சுற்று, சீழ், ஆறாத வெடிப்பு ஆகியவை இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கை அதிகமாக வியர்ப்பவர்களுக்கும் இரவுக் கையுறை ஏற்றதன்று.

மூன்றாவது, நெருப்பு. களிம்பு ஊறிய துணி எளிதில் பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் எண்ணெய்ப் பசை முழுவதும் போகாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. கையுறையோடு அடுப்பருகிலோ மெழுகுவர்த்தி அருகிலோ போகாதீர்கள். இரண்டு, மூன்று நாளுக்கொரு முறை மென்மையான, காரமில்லாத சோப்பில் அலசிவிடுங்கள். பட்டு புரதம் என்பதால் காரமான சலவைத்தூளில் அது நைந்துபோகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனத்தில் இதைவிடப் பெரிதாக இருப்பது பகல் நேரம். இரவு ஏழு மணி நேரத்தில் சேர்த்ததைக் காலை ஏழு மணிக்குப் பாத்திரத் தொட்டியில் தொலைத்துவிட்டு, பட்டு பலன் தரவில்லையே என்று வருந்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருப்பதோ, 20 முறைக்கு மேல் கழுவுவதோ கைக்கரப்பானுக்கு இட்டுச் செல்லும் வேலை என்று தொழில்சார் மருத்துவத்தில் கணக்கிடுகிறார்கள். வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் சேர்ந்தால் பல பெண்கள் அந்த எல்லையை நண்பகலுக்கு முன்பே தாண்டிவிடுகிறார்கள். கைக்கரப்பான் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவதற்கு முக்கியமான காரணம் இதுவே. பாத்திரம் கழுவும்போது, உள்ளே மெல்லிய பருத்தி உறையும் வெளியே நைட்ரைல் அல்லது வினைல் கையுறையுமாக அணியுங்கள், ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கட்டிச் சோப்புக்குப் பதிலாக மென்மையான கழுவு திரவத்தைப் பயன்படுத்துங்கள். தொட்டியின் அருகிலேயே ஒரு கிரீமை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை கை துடைத்ததும் தடவுங்கள்.

தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள நான்கு வாரங்கள் வரை ஆகும். எனவே இரண்டு இரவுகளில் முடிவுக்கு வராதீர்கள். பட்டு உங்களுக்குப் பயன் தருகிறதா என்பதை நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது, என்னிடம் வரும் சிலரை அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். இரு கைகளுக்கும் ஒரே கிரீமை ஒரே அளவில் தடவுங்கள். முதல் இரண்டு வாரம் வலக்கையில் பட்டு, இடக்கையில் பருத்தி. அடுத்த இரண்டு வாரம் மாற்றி அணியுங்கள், ஏனெனில் அதிகம் உழைக்கும் கை எப்போதும் கூடுதலாக வறண்டிருக்கும். தொடங்கும் நாளிலும் ஒவ்வொரு வார இறுதியிலும், காலையில் கழுவுவதற்கு முன் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நான் செய்யச் சொன்னவர்கள் மிகச் சிலரே, ஆகவே அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் பெரும்பாலோர் இரு கைகளுக்கும் இடையே வேறுபாட்டைக் காணவில்லை, விரல் நுனி வெடித்திருந்த இருவர் பட்டையே வைத்துக்கொண்டார்கள்.